பொருந்தாத கை

ஏற்றநீர் மணி அடித்ததும் தெருமுனையில் வெள்ளக்கதவு கரகரவென்று இறங்கும். கடல் வந்து கதவை மோதிவிட்டுத் திரும்பிப் போகும்வரை தூத்துக்குடியின் கீழ்த்தெருக்களில் யாரும் வெளியே போவதில்லை. அந்த நேரத்தில்தான் எல்லா வீடுகளிலும் கணினியில் நாள்வரி அடிப்பார்கள், நாளுக்கு ஒரு வாக்கியம். பெனிட்டாவும் காபி தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு வீட்டுக்கணினியின் முன்னால் உட்கார்ந்தாள்.

நாள்வரிக்கு இன்ன வாக்கியம்தான் என்று விதி கிடையாது. நேற்றைய குழம்பில் உப்பு அதிகம் என்று அடிக்கலாம். மாடியில் போட்ட துணி இன்னும் காயவில்லை என்று அடிக்கலாம். அடித்து முடித்ததும் திரையின் இடது ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு விழும். அது விழுந்துவிட்டால் அன்று முழுக்க வங்கி பேசும், கடை பேசும், வேலை கொடுத்தவர்கள் பேசுவார்கள். நாள்வரி அடித்தும் பச்சைக் கோடு விழாத ஒரு காலை பெனிட்டாவின் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை.

அன்று அவள் அடித்த வாக்கியம், "கட்டுப் பிரித்துவிட்டார்கள்" என்பது. இரண்டே சொல். அதை அடித்து முடிப்பதற்குள் அவளுக்கு நெற்றி வியர்த்துவிட்டது. வலது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்காமல் விறைத்து நின்றன. நடுவிரல் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் பக்கத்து விசையில் விழுந்தது. அழித்து, மறுபடி அடித்து, மறுபடி அழித்து, ஒருவழியாக முற்றுப்புள்ளி வைத்தாள்.

சிவப்புக் கோடு விழுந்தது.

"அன்புடையீர், இந்தக் கைநடை திருமதி பெனிட்டா கிளாட்வினுடையதாகத் தெரியவில்லை. அவர் அருகில் இருந்தால் அவரை அடிக்கச் சொல்லவும்."

"நாந்தான் அவ" என்று பெனிட்டா திரையைப் பார்த்துச் சொன்னாள். கணினிக்குக் காது உண்டு. ஆனால் குரலை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ள அதற்கு உரிமை கிடையாது.

கை நசுங்கியது அந்த வெள்ளக்கதவில்தான். இறங்கும் கதவுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை சிக்கியிருந்தது. கூடை கிடந்தால் கதவு முழுதாக மூடாது, தெருவுக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று அவள்தான் ஓடிப்போய் அதை இழுத்தாள். கூடை வந்துவிட்டது. கை வரவில்லை. மருத்துவமனையில் எலும்பை ஒட்டவைத்தார்கள், நரம்பைத் தைத்தார்கள், கட்டுப் பிரிக்கும்வரை நாள்வரி வேண்டாம் என்று சீட்டும் கொடுத்தார்கள். இரண்டு விரல் இனி இப்படித்தான் இருக்கும் என்று கடைசியில் சொன்னார்கள்.

கைநடை என்பது ஒருவர் விசைப்பலகையில் அடிக்கும் விதம். எந்த விரல் எவ்வளவு அழுத்துகிறது, எந்த எழுத்துக்கு முன்னால் தயங்குகிறது, கோபத்தில் எப்படி ஓடுகிறது, தூக்கத்தில் எப்படி இழுக்கிறது என்று பல ஆண்டுகளாகப் பலகை படித்து வைத்திருக்கும். முகத்தை வரைந்துவிடலாம், குரலை வார்த்துவிடலாம் என்று ஆகிப்போன காலத்தில் மனிதர்கள் கடைசியாகப் பிடித்துக்கொண்ட அடையாளம் அதுதான். பெனிட்டாவின் கணவன் கிளாட்வின் சிறுவனாக இருந்தபோது, அவன் அப்பா ஒருநாள் மகனின் குரலைக் கேட்டார். மகனின் முகத்தையும் திரையில் பார்த்தார். யாரோ தன்னைக் கட்டிவைத்து அடிக்கிறார்கள் என்று அந்த முகம் அழுதது. அவர் விசைப்படகை விற்று, கேட்ட பணத்தைக் கொடுத்தார். அப்போது கிளாட்வின் அடுத்த தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து திரையில் தெரியும் எந்த முகத்தையும் அவன் நம்புவதில்லை. பச்சைக் கோட்டை மட்டுமே நம்புவான்.

இப்போது கிளாட்வின் நடுக்கடலில் இருந்தான். காற்றாலைகளை நட்டுவைத்த ஒரு மிதவைத் தளத்தில் அவன் பொறியாளன். அங்கே போகிறவர்களுக்குக் கரையில் ஒரே ஒருவருடன்தான் பேச்சு. ஆள் ஒன்றுக்கு ஒரு கை. அதைக் கரைக்கை என்பார்கள். கிளாட்வினுடைய கரைக்கை பெனிட்டா. அவள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் அடிக்கும்போதே அங்கே அவன் திரையில் போய் விழும். பதினெட்டு வருடக் குடும்பத்தில் அவன் விடுப்பில் வந்த நாள்கள் போக மற்றதெல்லாம் அவர்கள் அப்படித்தான் வாழ்ந்திருந்தார்கள்.

கை நசுங்குவதற்கு முன்பு அவன் ஒன்று கேட்டிருந்தான். ஒப்பந்தம் முடியப்போகிறது. இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டிக்கலாம் என்கிறார்கள். கையெழுத்துப் போடவா? பெனிட்டா இரண்டு நாள் யோசித்துவிட்டு, "போடுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று அடித்திருந்தாள். பச்சைக் கோட்டுடன் போன பதில் அது. சரக்குப் படகு அடுத்து வரும்போது அவன் கையெழுத்துப் போட்டுவிடுவான். போடாதவர்கள் அதே படகில் ஏறி ஊருக்கு வந்துவிடலாம். அந்தப் படகை விட்டால் மூன்று வருடம்.

ஒரு கையால் சோறு வடிக்க முடியாமல் கொட்டிய அன்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, தன்னால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது என்று. பயமும் இருந்தது. மணி அடிக்கும்போதெல்லாம் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் வர வேண்டும்.

கட்டு இருந்தவரை அவனுக்கும் அடிக்க முடியாதிருந்தவள், நாள்வரி சிவப்பாகப் போன அன்றே கிளாட்வினுக்கு அடித்தாள். "கைல அடி. கையெழுத்துப் போடாதீங்க. வாங்க." அதுவும் சிவப்பாகத்தான் போயிற்று. பதில் உடனே வந்தது.

"யாருல நீ? என் வீட்டுக்காரிய என்ன செஞ்ச?"

"நாந்தாங்க."

"அவ அடிக்கிறது எனக்குத் தெரியாதா? ஒரு எழுத்துக்கும் இன்னொரு எழுத்துக்கும் நடுவுல டீ குடிச்சிட்டு வார. யாருகிட்ட?"

தங்களுக்கு மட்டுமே தெரிந்த எதையாவது சொல்லலாம் என்று நினைத்தாள். ஆனால் அவர்களுக்கு மட்டுமே தெரிந்தது என்று எதுவும் இல்லை. விடுப்பு நாள்களில் நடந்ததைக்கூடப் பிறகு அடித்துத்தான் பேசியிருந்தார்கள். திருட நினைக்கிறவன் முதலில் அதைத்தான் திருடுவான். கிளாட்வின் பேச்சு வரியை மூடிவிட்டான்.

மறுநாள் பெனிட்டா வெளிப்பலகை வாங்கப் போனாள்.

கணினியோடு வந்த பலகையை எல்லாரும் வீட்டுப்பலகை என்பார்கள். வேறு நிறுவனங்கள் செய்து விற்பது வெளிப்பலகை. மேம்பாலத்துக்கு மேலே புதுக் கடைவீதியில் ஒரு கடை இருந்தது. அதை நடத்தியவள் இசக்கி. முப்பது வயது இருக்கும். பெனிட்டாவின் கையைப் பார்த்ததும் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. "எந்த விரல் வேலை செய்யுதுக்கா?" என்றுதான் கேட்டாள்.

"பெருவிரல், ஆட்காட்டி விரல். நடுவிரல் பாதி."

இசக்கி ஒரு நீளமான பெட்டியை எடுத்தாள். "இது இடக்கைப் பலகை. வலது கையே வேண்டாம். பன்னெண்டு விசைதான். சேத்துச் சேத்து அமுக்கணும்."

பெனிட்டா அமுக்கிப் பார்த்தாள். 'கொ' வருவதற்கு நான்கு விசையை ஒரே நேரத்தில் அமுக்க வேண்டியிருந்தது. 'ழ' எங்கே இருக்கிறது என்று இசக்கிக்கே தெரியவில்லை. பெட்டியின் பின்புறத்தில் தேடினாள். அங்கே ஏழு மொழிகளில் வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். 'ழ' பற்றி ஒன்றும் இல்லை.

"படிக்க எவ்வளவு நாளாகும்?"

"ஆர்வமா இருந்தா ஆறு மாசம்."

"வேற காட்டு."

இரண்டாவது, இரட்டைப் பலகை. நடுவில் பிளந்து இரண்டு துண்டாக இருந்தது. வலது துண்டைச் சாய்த்து, திருப்பி, விசைகளை இடம் மாற்றி, மடங்காத விரல்களுக்கு வேலை வைக்காமல் அமைத்துக்கொள்ளலாம். இசக்கி திருகாணிகளோடு சற்று நேரம் மல்லுக்கட்டிவிட்டு முன்னால் தள்ளினாள். பெனிட்டா கையை வைத்தாள். வலி இல்லை. தன் பெயரை அடித்தாள். பிறகு தன் தெருவின் பெயரை அடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது அவளுடைய வேலை. நாள் முழுக்க அடித்துப் பழகிய கை அது.

"இத எடுத்துக்கிடுதேன்."

"எடுத்துக்கோங்க. ஆனா புதுப் பலகை, புது நடை. பதிவகத்துல போய்ப் புதுக் கையாப் பதியணும். அதுவரைக்கும் செவப்புத்தான்." இசக்கி மூன்றாவது பெட்டியைக் காட்டினாள். "பச்சை உடனே வேணும்னா இது. நிகர்நடைப் பலகை. உங்க வீட்டுக் கணினியில கெடக்கிற பழைய தடத்தப் படிச்சிக்கிடும். நீங்க எப்படி வேணும்னாலும் அடிங்க, ஒத்த விரலால கூட அடிங்க. எழுத்தக் கொஞ்ச நேரம் கையில வச்சிருந்து உங்க பழைய நடையில அனுப்பிவிட்டுரும்."

"இது திருட்டுத்தனம்லா?"

"சட்டத்துக்கு உள்ளதுதான்க்கா. கை நடுங்குறவங்களுக்குன்னு அனுமதி வாங்கியிருக்காங்க. எவ்வளவு நடுங்கணும்னு யாரும் எழுதி வைக்கல."

பெனிட்டாவுக்கு அது பிடிக்கவில்லை. அடிப்பது தான், ஆனால் போய்ச் சேருவது வேறொருத்தி என்ற எண்ணமே கூசியது. இரட்டைப் பலகையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டுக்கணினி அதை ஏற்கவில்லை. "அன்புடையீர், இந்தக் கருவியை நாங்கள் அறியோம்" என்றது. கம்பியை உருவிச் சொருகினாள். அறியோம். கணினியை அணைத்துப் போட்டாள். அறிந்தோம், ஆனால் பரிந்துரைக்க இயலாது. பரிந்துரைக்காவிட்டாலும் பரவாயில்லை என்பதற்கு ஒரு பொத்தான் இருந்தது. அதைத் தொட்டால் உங்கள் நாள்வரி பச்சையாக இருக்க வேண்டும் என்றது. இசக்கியிடம் திரும்பப் போய்க் கேட்டு, அவள் சொன்னபடி கணினியின் பின்னால் இருந்த பழைய துளையில் சொருகிய பிறகுதான் பலகை வேலை செய்தது. அன்று சாயங்காலம் பெனிட்டா கிளாட்வினுக்கு ஒரு பெரிய கடிதமே அடித்தாள். கதவு, கூடை, மருத்துவமனை, கொட்டிப்போன சோறு எல்லாம். முழுக்கச் சிவப்பாகப் போயிற்று. பதிலே இல்லை.

பதிவகத்தில் கூட்டம் இல்லை. முகப்பில் இருந்த அலுவலர் நல்லவராகத்தான் பேசினார்.

"புதுக் கையாப் பதிஞ்சிரலாம்மா. ஒரு வருஷம் பழகணும். அதுக்குப் பிறகு பச்சை. மொதல்ல பழைய கை ஒரு ஒப்புதல் வரி அடிச்சிரட்டும்."

"பழைய கைதான் சார் நசுங்கிருச்சு."

"அப்ப துணைக் கை ஒத்துக்கணும். உங்க கணக்குல யாரு துணை?"

"எங்க வீட்டுக்காரர்."

"நல்லதாப் போச்சு. அவர அடிக்கச் சொல்லுங்க."

"அவரு நடுக்கடல்ல இருக்காரு. நான் அடிச்சா நானில்லன்னு சொல்லுதாரு. அவருக்குச் சொல்லத்தான் புதுக் கை கேக்கேன்."

அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் அது புரிந்தது. புரிந்ததால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதும் புரிந்தது. "கம்பெனிக்காரங்க மூலமாச் சொல்லிப் பாருங்களேன்" என்றார்.

நிறுவனத்தின் கரை அலுவலகத்தில் ஒரு பெண் கேட்டுக்கொண்டாள். மருத்துவச் சான்று இருக்கிறதா? இருக்கிறது. கையைப் பார்க்கிறீர்களா? தேவையில்லை, பார்த்தாலே தெரிகிறது. சான்றைத் தளத்துக்கு அனுப்புவார்களா? தாராளமாக அனுப்புவார்கள். கரைக்கையின் பச்சை வரி ஒன்று அதன்கீழ் இருந்தால் போதும்.

பெனிட்டா எழுந்து நின்றாள். "நான் இங்க உங்க முன்னால நிக்கேன். ரத்தமும் சதையுமா நிக்கேன்."

"எனக்குத் தெரியுதுக்கா. எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? அங்க போறது நீங்க இல்ல, உங்க வரிதான்."

படகு வர இன்னும் சில நாள்களே இருந்தன. பெனிட்டா மேம்பாலத்துக்குத் திரும்பிப் போய் நிகர்நடைப் பலகையை வாங்கினாள். இசக்கி பெட்டியைக் கட்டிக் கொடுத்தாள். பிரித்த பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

அது பார்ப்பதற்கு வீட்டுப்பலகை போலவே இருந்தது. சொருகியதும் கணினி எந்த முனகலும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. பெனிட்டா இடது கையின் ஒற்றை விரலால் ஒரு நாள்வரி அடித்தாள். எழுத்துகள் சற்றுப் பொறுத்து, பிறகு மடமடவென்று திரையில் ஓடின. அவள் ஓடியது போலவே ஓடின. 'ன்' வரும் இடத்தில் அவளுக்கு ஒரு சின்னத் தயக்கம் உண்டு. அந்தத் தயக்கமும் இருந்தது. செத்துப்போன ஒருத்தியின் செருப்புச் சத்தம் கூடத்தில் கேட்டது போல் இருந்தது. பச்சைக் கோடு விழுந்தது.

கிளாட்வினுக்கு வரி திறந்தாள். "என்னங்க" என்று அடித்தாள்.

"பெனி!" என்று வந்தது. "பெனி, நீயா? நீதான். எனக்குத் தெரியுது. எங்க போன? எவனோ ஒருத்தன் நீ மாதிரி அடிச்சிக்கிட்டே இருந்தான். உனக்கு என்னமும் ஆயிட்டோன்னு எனக்குச் சோறு எறங்கல. நல்லா இருக்கியா?"

இத்தனை அன்பாக அவன் பேசி எவ்வளவு நாளாகிவிட்டது. பிறகு அடித்தாள்.

"நல்லா இல்ல. வெள்ளக்கதவுல மாட்டி வலது கை நசுங்கிருச்சு. ரெண்டு விரல் மடங்கல. தனியா இருக்க முடியல. கையெழுத்துப் போடாதீங்க. படகுல ஏறி வந்துருங்க."

பதில் ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"எந்தக் கை நசுங்கிச்சு?"

"வலது கை."

"இப்ப அடிக்கிறது எந்தக் கை?"

பெனிட்டா குனிந்து தன் ஒற்றை விரலைப் பார்த்தாள்.

"ஏன் பெனி இப்படிச் செய்யுத? உன் கை ஓடுத ஓட்டம் எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு மறுவாரம் அடிச்ச மாதிரி ஓடுது. தனியா இருக்கப் பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு. வான்னு சொல்லு. இல்லாத காயத்தச் சொல்லாத."

"சத்தியமா நசுங்கிருச்சுங்க!"

"நீதான சரின்னு சொன்ன. நான் பாத்துக்கிடுதேன்னு சொன்ன. அத நம்பித்தான் நானும் இங்க வாக்குக் கொடுத்துட்டேன். இப்ப மனசு மாறிருச்சுன்னா நேரா சொல்றதுக்கு என்ன?"

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. விரலால் குத்தினாள். உள்ளங்கையால் அடித்தாள். மேசையே அதிர்ந்தது. கடலிலே உட்கார்ந்துகொண்டு என் கையைப் பற்றி எனக்கே சொல்லித் தருகிறீர்களா, ஒருநாள் இந்தக் கையோடு இந்த வீட்டில் இருந்து பாருங்கள், ஒரு தம்ளர் கழுவிப் பாருங்கள் என்று வாயில் வந்ததையெல்லாம் அடித்தாள். பலகை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. கொஞ்சநேரம் வைத்திருந்து, ஒரே சீராக, பால்காரனுக்குக் குறிப்பு எழுதுவது போல அனுப்பியது.

"பாரு," என்றான் கிளாட்வின். "நீ கோவப்படக்கூட இல்ல. கோவப்பட்டா உன் கை எப்படி அடிக்கும்னு எனக்குத் தெரியும். சும்மா சொல்லுத. நான் அப்புறமா வாரேன்."

அவன் போய்விட்டான்.

மேசையில் மூன்று பலகைகள் கிடந்தன. வீட்டுப்பலகையில் அவளால் அடிக்கவே முடியாது. இரட்டைப் பலகையில் அவள் சொல்வது உண்மை என்று தெரியும், ஆனால் சொல்பவள் அவள் என்று தெரியாது. நிகர்நடையில் சொல்பவள் அவள் என்று தெரியும், சொல்வது பொய்யாகிவிடும். நிகர்நடையை வைத்துக்கொண்டு கையைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடலாம். பயமாக இருக்கிறது, வாருங்கள் என்று மட்டும் சொல்லலாம். அவன் வந்தாலும் வரலாம். ஆனால் பயந்தவளைப் பார்க்கத்தான் வருவான். அவள் பயந்தவள் மட்டும் இல்லை. தெருவுக்குத் தண்ணீர் வராமல் தடுக்கப் போய்க் கையைக் கொடுத்தவள்.

மறுநாள் முற்பகலில் அவள் நிகர்நடைப் பலகையைச் சொருகி வரியைத் திறந்தாள். கிளாட்வின் வந்ததும் அவனைப் பேசவிடவில்லை.

"ஒண்ணு சொல்லுதேன், முழுசாப் படிங்க. நான் இப்ப அடிக்கிறது கடையில வாங்கின பலகை. எப்படி அடிச்சாலும் என் பழைய நடையில அனுப்பும். உங்களுக்குப் பச்சை வரணும்னுதான் வாங்கினேன். இத உருவிட்டு என் கை அடிக்கக்கூடிய பலகைய மாட்டப் போறேன். செவப்பா வரும். அதுதான் இப்ப என் கை."

உருவினாள். இரட்டைப் பலகையைப் பின்பக்கத்துத் துளையில் சொருகினாள். கணினி முனகியது. பொத்தானைத் தொட்டாள். கையை வைத்தாள்.

"க" என்று அடித்தாள். "கதவு." நடுவிரல் நழுவியது. அழித்தாள். "கதவுல மாட்டி." அங்கே அவன் திரையில் ஒவ்வொரு எழுத்தும் அந்தத் தாமதத்தோடு, அந்தத் தடுமாற்றத்தோடு போய் விழுந்துகொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவசரப்படவில்லை. "நசுங்கிருச்சு. பொய் இல்ல. வாங்க." முடிக்கும்போது தோள்பட்டை வரைக்கும் வலித்தது. சிவப்புக் கோடு விழுந்தது.

கடல் கதவை மோதிவிட்டுத் திரும்பும் சத்தம் கேட்டது. கிளாட்வின் அடித்தான்.

"அப்ப அந்தப் பலகைய எவன் வேணும்னாலும் வாங்கலாமா?"

"கடையில விக்காங்க."

"அப்ப பச்சைன்னா என்ன?"

அதற்கு அவள் அடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"கையெழுத்துப் போடுங்கன்னு சொன்னது யாரு?"

"நாந்தான். அப்ப கை நல்லா இருந்துச்சு."

"அத நான் எப்படி நம்ப? போன வருஷம் எங்கம்மா நெனவு நாளைக்கு நீ அடிச்சது, அதுக்கு முந்தி அடிச்சது, எல்லாம் நீதான்னு யாரு சொல்ல? பச்சையில வந்தவ நீயா, செவப்புல வந்தவ நீயா? நான் யாருகிட்டப் பேசிக்கிட்டிருந்தேன் இவ்வளவு நாளும்?"

"என்கிட்டத்தான்" என்று அடிக்கத் தொடங்கினாள். 'என்' என்ற இரண்டு எழுத்துக்குள் வரி மூடிவிட்டது. அதன்பின் அவள் எந்தப் பலகையில் அடித்தாலும் மறுமுனையில் யாரும் இல்லை.

சரக்குப் படகு தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று செய்தியில் வந்தது. திரும்பிவிட்டது என்றும் வந்தது. யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்பதைச் செய்தியில் சொல்ல மாட்டார்கள். பெனிட்டா கரை அலுவலகத்துக்குப் போய்க் கேட்கவில்லை. பச்சை வரி கேட்பார்கள் என்று தெரியும்.

அவன் ஒரு மதியத்தில் வந்தான். அழைப்பு மணியை அடிக்காமல் கதவைத் தட்டினான். திறந்தபோது தோளில் பையோடு நின்றான். முடி நரைத்திருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் கையைத்தான் பார்த்தான். பையைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கையை எடுத்துத் திருப்பினான். மடங்காத விரலை மெதுவாக மடக்கிப் பார்த்தான். அவள் "ஆ" என்றாள். விட்டுவிட்டான்.

"நசுங்கித்தான் போயிருக்கு" என்றான்.

"சொன்னேன்லா."

"சொன்ன."

உள்ளே வந்து உட்கார்ந்தான். அவள் தண்ணீர் கொடுத்தாள். இடது கையால் கொடுத்ததில் கொஞ்சம் சிந்தியது. அவன் குடிக்காமல் தம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"கடைசில நம்பிட்டீங்களே, அது போதும்" என்றாள் பெனிட்டா.

அவன் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நம்பி வரல, பெனி" என்றான். "நம்பாமத்தான் வந்தேன். எந்த வரியையும் நம்ப முடியாதுன்னு ஆனதுக்கப்புறம் அங்க உக்காந்து என்ன செய்ய? நேருல பாத்துருவோம்னு ஏறிட்டேன். இங்க நீ இல்லாம வேற எவளோ இருப்பான்னு பாதி நெனச்சுத்தான் கதவத் தட்டினேன்."

அவளுக்கு வலித்தது. அவன் வந்தாலே போதும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். போதவில்லை. இருந்தாலும் அவன் பொய் சொல்லாமல் இருந்தது ஏதோ ஒரு வகையில் நிம்மதியாகவும் இருந்தது.

மறுநாள் பதிவகத்துக்குப் போய் அவன் ஒப்புதல் வரி அடித்தான். அலுவலர் மகிழ்ச்சியோடு பெனிட்டாவைப் புதுக் கையாகப் பதிந்தார். இரட்டைப் பலகை மேசையில் நிலைத்தது. ஒரு வருடம் சிவப்புத்தான். பாடநூல் வேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். நிகர்நடைப் பலகையை இசக்கி திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. கிளாட்வின் அதைத் தூக்கிப் பரணில் போட்டான்.

வீட்டில் இருவரும் சேர்ந்து இருப்பது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. அவள் ஏதாவது சொன்னால் கிளாட்வின் உடனே பதில் சொல்ல மாட்டான். சொல் முடிந்த பிறகும் எதையோ எதிர்பார்ப்பது போல இருப்பான். அவள் அடித்தபோது அவள் தயங்குகிறாளா, அழுகிறாளா, எரிச்சலில் இருக்கிறாளா என்று அவனுக்கு எழுத்துக்கு எழுத்துத் தெரிந்தது. நேரில் நிற்கும் முகத்திலிருந்து அது எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் அப்படித்தான். வேலையை விட்டுவிட்டு வந்ததற்கு அவன் வருந்துகிறானா என்று அவன் முகத்தை எத்தனை முறை பார்த்தும் அவளால் சொல்ல முடியவில்லை. பதினெட்டு வருடம் கழித்து இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது.

ஒருநாள் காலையில் அவன் சாளை மீன் வாங்கி வந்தான். பெனிட்டா அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நசுங்கிய கையால் மீனை அழுத்திப் பிடித்து, மற்றக் கையால் செதிலை உரசினாள். கிளாட்வின் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிக்கா?"

"இல்ல."

அவன் நகரவில்லை. அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். நெற்றியை, உதட்டை, மறுபடி கண்ணை. தெரியாத மொழியில் எழுதிய பெயர்ப்பலகையைப் படிக்க நிற்பவனைப் போல இருந்தான்.

"வலிச்சா வலிக்குன்னு சொல்லு."

"இல்லன்னு சொல்லுதேன்லா."

"எனக்கு எப்படித் தெரியும், பெனி?"

அதை அவன் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான். பெனிட்டா மீனைக் கீழே வைத்தாள். கையைப் பார்த்தாள். அது சிவந்து, மணிக்கட்டில் புடைத்திருந்தது.

"வலிக்கு" என்றாள். "நல்லா வலிக்கு."

அவன் கீழே உட்கார்ந்து அரிவாள்மணையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.